ஆயி இடித்த வீடும் நாம் தூர்த்த குளமும்

(உழவர்கரைப் பகுதித் தோழர்களின் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



பாரதி பூங்காவின் நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கிறதே ஆயி மண்டபம், அதை அறியாதவர் இங்கே யாருமில்லை. ஒரு புறம் பிரெஞ்சுக் கவர்னர் வாழ்ந்த மாளிகை. மற்றொரு புறம் நாம் வாக்களித்து அனுப்பியவர்கள் அமரும் சட்டமன்றம். இரண்டுக்கும் சாட்சியாக ஒரு தாசியின் நினைவு மண்டபம்! மன்னனுக்கல்ல, மகானுக்கல்ல, ஆண்டவனுக்குமல்ல. ஆயி என்ற ஒருத்திக்கு.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்வெட்டிலே இருப்பதன்று, வழிவழியாகச் சொல்லப்படுவது. விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தாராம். இரவு நேரம். விளக்கொளியில் சுடர்விட்ட ஒரு மாளிகையைக் கண்டார். கோயில் என்றெண்ணிக் கும்பிட்டார். அது தாசி வீடு என்றார்கள். கும்பிட்ட கை கூசிற்று. கூசிய கை ஆணையிட்டது, இடி என்று! ஒளியைக் கண்டு வணங்கியவர், உள்ளே இருந்தவளின் குலத்தைக் கேட்டுக் கொதித்தாராம். அந்தக் கொதிப்பைப் பற்றித் தனியே ஒரு கூட்டம் போட்டுப் பேசலாம், இன்று வேண்டாம். ஆயி என்ன செய்தாள்? நீங்கள் இடிக்க வேண்டாம், நானே இடிக்கிறேன் என்றாள். தன் வீட்டைத் தானே தகர்த்தாள். அந்த இடத்திலே ஒரு குளம் வெட்டினாள். பின்னாளில், மூன்றாம் நெப்போலியன் காலத்திலே, பிரெஞ்சுக்காரர்கள் முத்திரப்பாளையத்திலிருந்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டு வந்தார்கள். அந்த நீருக்கும் அந்தக் குளத்துக்கும் முடிச்சுப் போட்டுத்தான் ஆயிக்கு மண்டபம் எழுந்தது என்பார்கள்.

வீட்டை இடித்துக் குளம் வெட்டியவளுக்கு மண்டபம் கட்டிய ஊரிலே, தோழர்களே, குளத்தைத் தூர்த்து வீடு கட்டுகிறவர்களுக்கு நாம் என்ன கட்டுகிறோம்? சாலை கட்டிக் கொடுக்கிறோம். மின்கம்பம் நட்டுக் கொடுக்கிறோம். மழைக்காலம் வந்ததும் படகு கட்டி அனுப்புகிறோம்!

நான் நாடகம் எழுதுகிறவன். ஆகவே ஒரு காட்சியைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஊர்ப்புறத்து வயல். வரப்பு வெட்டியாகிவிட்டது. செம்மண் கொட்டியாகிவிட்டது. குத்துக்கல்லுக்கு மஞ்சள் வண்ணம், கயிற்றிலே பலநிறக் கொடி, பந்தலின் கீழே குளிர்பானம். மனை விற்பவர் மாலை போட்ட மாப்பிள்ளை போல் நிற்கிறார். வாங்க வந்தவர் ஒரு பள்ளிக்கூட எழுத்தர்.

“அண்ணே, இந்த இடத்திலே முன்பு தண்ணீர் நிற்குமோ?”

“தண்ணீரா? முப்பதடியில் சுவையான தண்ணீர்!”

“அடியிலே இருப்பதைக் கேட்கவில்லை அண்ணே. மேலே நிற்குமா என்று கேட்டேன்.”

“தம்பி, நல்ல நாளும் அதுவுமாக இப்படியெல்லாம் பேசலாமா?”

எழுத்தர் சிரிக்கிறார். கையெழுத்துப் போடுகிறார். இருபதாண்டுச் சேமிப்பும், மனைவியின் வளையலும், வங்கிக் கடனும் அந்தக் கையெழுத்திலே இறங்குகின்றன. திரை விழுகிறது. திரை மீண்டும் எழும்போது நாள் 2024 நவம்பர் 30.

அந்த இரவை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஃபெஞ்சல் புயல் நம் கரையருகே ஏறிற்று. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை. ரெயின்போ நகர் என்று பெயர் வைத்தார்களே, வானவில்லின் பெயர் வைத்தவர்கள், வானவில் வருமுன் மழை வரும் என்பதை மறந்துவிட்டார்கள்! கிருஷ்ணா நகர் என்றார்கள். மழைக்கு மலையையே குடையாகப் பிடித்தவன் பெயராம். மலையைத் தூக்க யாரும் வரவில்லை. படகைத் தூக்கிக்கொண்டு இராணுவம்தான் வந்தது. அந்த இளைஞர்கள் இடுப்பளவு நீரில் இறங்கி முதியோரையும் பிள்ளைகளையும் மீட்டார்கள். அவர்களுக்கு நன்றி சொல்வோம். ஆனால் போர்முனையிலே நிற்க வேண்டிய படை, வீட்டுமனைப் பிரிவிலே நிற்க நேர்ந்தது ஏன் என்றும் கேட்போம்.

“இயற்கைச் சீற்றம்” என்கிறார்கள். எவ்வளவு வசதியான சொல்! இயற்கைக்கு வழக்கறிஞர் இல்லை. எந்தக் குற்றத்தையும் அதன் தலையில் ஏற்றலாம். மறுப்பு மனு வராது. நான் மறுப்பு மனு தாக்கல் செய்கிறேன், கணக்கோடு.

ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதன் மேல் 46 சென்டிமீட்டர் மழை பெய்தால் வந்து விழும் நீர் ஏறத்தாழ பதினெட்டரை இலட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் நூற்றைம்பதுக்கு மேல் வேண்டும் அதைச் சுமக்க. 46 சென்டிமீட்டர் என்பது என்ன? ஒரு முழம்! அரை முழ வரப்புள்ள நன்செய் அதிலே பாதியைத் தன் மடியிலே நிறுத்திக்கொள்ளும். மீதியை மெள்ள மெள்ள வாய்க்காலுக்கு விடும். அதே ஏக்கரை மூன்றடி உயர்த்தி, சிமெண்டுத் தளமும் தார்ச் சாலையும் போட்டுப் பாருங்கள். விழுந்த நீர் விழுந்த வேகத்திலே பக்கத்துத் தெருவுக்குப் போகும். பக்கத்துத் தெருக்காரன் என்ன செய்வான்? அவனும் அடுத்த முறை வீட்டை மூன்றடி உயர்த்துவான். அவனுக்கு அடுத்தவன் நான்கடி. கடைசியில் உயர்த்தக் காசில்லாதவன் ஒருவன் இருப்பான். ஊரின் நீரெல்லாம் அவன் வீட்டு அடுப்பிலே வந்து நிற்கும்.

ஆகவே இது கொக்குக்கும் நாரைக்கும் பரிந்து பேசுகிற பேச்சல்ல. பேசினாலும் தவறில்லை, ஊசுடு ஏரியைப் பறவைகளுக்காகவே 2008-ல் புதுவை அரசு சரணாலயம் ஆக்கிற்று. ஆனால் நான் பேசுவது அந்தக் கடைசி வீட்டு அடுப்பைப் பற்றி.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1994-ல் மத்திய அரசு முதன்முதலாகச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வெளியிட்டது. அப்போது ஆலைகளும் அணைகளும் சுரங்கங்களுமே அதன் கண்ணில் பட்டன. வீடு பெரிதும் தப்பித்தது. 2004-ல்தான் பெரிய கட்டுமானங்களும் உள்ளே வந்தன. 2006 செப்டம்பர் 14-ல் புதிய அறிவிக்கை. அதன்படி 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பைத் தொடும் கட்டுமானத்துக்கு அடித்தளம் தோண்டுமுன் சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். எங்கிருந்து தண்ணீர், எங்கே கழிவு, எவ்வளவு குப்பை, எந்த வழியாக மழைநீர் என்றெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அதன் வாசலிலே நின்று பார்த்தால் பின்கதவும் தெரிகிறது.

20,000 சதுர மீட்டர் என்றால் ஏறத்தாழ இருநூறு குடும்பங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், குடும்பத்துக்கு ஐவர் என்று வைத்தால் அந்த ஒரு வளாகம் மட்டும் தினமும் 1,35,000 லிட்டர் நீர் குடிக்கும். ஒரு இலட்சம் லிட்டருக்கு மேல் கழிவாகத் திருப்பித் தரும். 19,000 சதுர மீட்டரில் கட்டினால்? அதே குடம், அதே சாக்கடை, ஆனால் கேள்வி இல்லை! வீடு கட்டாமல் வெறும் மனையாகப் பிரித்து விற்பதானால் இன்னும் சுகம். 50 ஹெக்டேர், அதாவது 123 ஏக்கர், எட்டினால்தான் அறிவிக்கை கண் விழிக்கும். புதுச்சேரிப் பகுதி முழுவதுமே 293 சதுர கிலோமீட்டர். அதுவும் ஒட்டுப்போட்ட துணி போலத் தமிழகத்து ஊர்களுக்கிடையே சிதறிக் கிடக்கிறது. இங்கே 123 ஏக்கரை ஒரே மூச்சில் மனை போடுகிறவன் எத்தனை பேர்? பத்து ஏக்கர் இவன், பத்து ஏக்கர் அவன் தம்பி, பத்து ஏக்கர் அவன் மைத்துனன். ஒவ்வொருவரும் சட்டத்துக்கு உட்பட்டவர். எல்லோரும் சேர்ந்து வாய்க்காலுக்கு எமன்.

இன்னொன்றைக் கேளுங்கள். அனல்மின் நிலையம் வருகிறதென்றால் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறது அந்த அறிவிக்கை. கட்டடங்களுக்கும் நகரியங்களுக்கும் மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று அதே அறிவிக்கை விலக்கு அளித்திருக்கிறது! எந்த வயலில் எந்த மாதம் எவ்வளவு நீர் நிற்கும் என்று ஐம்பதாண்டாகக் கண்டவன் அந்த ஊர்க் கிழவன். அவனைக் கேட்க வேண்டாமாம். வெயில் காலத்தில் ஒரு நாள் வந்து ஒளிப்படம் எடுத்துக்கொண்டு போன ஆலோசகரின் அறிக்கை போதுமாம்.

சரி, ஊரார் இல்லாவிட்டால் உறுப்பினராவது கேட்பார் என்றால், உறுப்பினர் எங்கே? 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து, 2006-ல்தான் புதுவையில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் அவர்களுடைய காலம் முடிந்தது. அதன் பிறகு ஆண்டுகள் உருண்டன. வார்டு உறுப்பினர் நாற்காலிகள் தூசி படிந்தன. ஆகையால்தான் சொல்கிறேன், வாய்க்கால் அடைபட்டதற்கும் வாக்குப்பெட்டி அடைபட்டதற்கும் உறவு உண்டு. பிரெஞ்சு நகராட்சிக்குக்கூட ஒரு மேயர் இருந்தார் என்று கேலி பேசும் முதியவர்களுக்கு நம்மால் என்ன பதில் சொல்ல முடிகிறது?

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்கக்கூடும். “அண்ணா, வீடில்லாத ஏழைக்கு வீடு வேண்டும் என்று முழங்கிய இயக்கமல்லவா நாம்? இப்போது கட்டாதே என்கிறீர்களே?” நியாயமான கேள்வி. இதை ஒதுக்கிவிட்டுப் போனால் நான் பேச வந்ததே வீண்.

வீடு வேண்டும். 1936 ஜூலை 30-ல் இதே புதுவையில் பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர்கள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்களே, அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் ஒண்டுக் குடித்தனத்திலே இருக்கிறார்கள். 2020-ல் ஏ.எஃப்.டி. ஆலையை மூடியபோது வேலையிழந்தவர்கள் வாடகை கொடுக்கத் தவித்ததை நாம் கண்டோம். அவர்களுக்கு வீடு வேண்டாம் என்று சொல்லும் நாக்கு எனக்கில்லை. ஆனால் ஏழைக்கு எந்த இடத்திலே வீடு கொடுக்கிறோம்? மேடான இடம் விலை உயர்ந்தது, ஆகவே அது வசதிக்காரனுக்கு. பள்ளம் மலிவு, ஆகவே அது ஏழைக்கு. பட்டாவைக் கையிலே கொடுத்துப் பள்ளத்தைக் காலிலே கட்டுகிறோம்! வாய்க்கால் கரையிலே குடிசை போட்டவனை முதலில் துரத்துவார்கள். வாய்க்காலின் வயிற்றிலே மாடி கட்டியவனுக்கு வரன்முறைப்படுத்தும் திட்டம் வரும். அந்த வரிசையை மாற்று என்பதுதான் என் வாதம்.

2024 ஜனவரியில் ஆட்டுப்பட்டியிலே நடந்ததை மறந்துவிடாதீர்கள். உப்பனாறு வாய்க்கால் ஓரத்தில் புதிதாகக் கட்டிய மூன்று மாடி வீடு. குடி புகும் நாள் குறித்தாகிவிட்டது. வாய்க்கால் பணிக்காகப் பக்கத்திலே பள்ளம் தோண்டினார்கள். சீட்டுக்கட்டு சரிவது போல் வீடு சரிந்தது. உள்ளே யாரும் குடியேறவில்லை என்பதால் உயிர் பிழைத்தது. வாய்க்கால் வேலை தேவையா? தேவை. வீடு தேவையா? தேவை. இரண்டு தேவைகளும் ஒரே முழ நிலத்திலே மோத விட்டது யார்? அனுமதி என்ற பெயரால் ஒரு தாளும், அனுமதியின்மை என்ற பெயரால் ஒரு மௌனமும்.

சங்க காலத்துக் குடபுலவியனார் என்ற புலவர் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் போய்ச் சொன்னதைப் புறநானூறு காட்டுகிறது. புகழ் வேண்டுமானால், நிலம் எங்கே குழிந்து கிடக்கிறதோ அங்கே நீரைத் தேக்கு என்பது அவர் தந்த அறிவுரையின் சாரம். பொறியியல் பட்டம் பெறாத புலவர்! (பட்டம் பெறாதவன் என்பதால் எனக்கு அவரிடம் தனிப் பற்று.) குழிந்த நிலம் நீருக்கு, மேட்டு நிலம் குடிக்கு. அந்தக் கணக்கிலேதான் புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் அமைந்தன. ஊசுடும் பாகூரும் அவற்றிலே மூத்தவை. ஒன்றின் கலங்கல் வழிந்தால் அடுத்ததற்கு வரத்து. அது வழிந்தால் அடுத்ததற்கு. சங்கிலியிலே ஒரு கண்ணி அறுந்தால் மேலே வெள்ளம், கீழே வறட்சி. பிரெஞ்சு ஆட்சியிலேகூட ஏரிகளைப் பாசனக்காரர்களின் சங்கங்கள் பார்த்துக்கொண்டன. 1999 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் நடந்தது. கடல்கடந்தவன் காசு கொடுத்துத் தூர் வாரினான். நாம் உள்ளூர்க் காசு வாங்கிக்கொண்டு தூர்த்தோம்!

எல்லையைத் தாண்டிச் சென்னைப் பக்கம் பாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் 1,247 ஹெக்டேரை 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் தலமாக அறிவித்தார்கள். அந்த எல்லைக்குள்ளேயே பெரும்பாக்கத்தில் ஒரு மாபெரும் அடுக்குமாடித் திட்டத்துக்கு 2025 ஜனவரியில் சுற்றுச்சூழல் அனுமதியும் கட்டட அனுமதியும் அடுத்தடுத்து வந்தன என்று குற்றச்சாட்டு எழுந்தது. வழக்காயிற்று. சென்னை உயர்நீதிமன்றம் 2025 அக்டோபர் 31-ல் இடைக்காலத் தடை விதித்தது. அதற்கு முந்தைய மாதமே, ஆய்வு முடியும்வரை ராம்சர் எல்லையிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டரிலும் புதிய அனுமதி கூடாதென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சொல்லியிருந்தது. அறிவிப்பு ஒரு கையிலே, அனுமதி மறு கையிலே! எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த இரண்டு கைகளும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன என்பதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை.

உச்ச நீதிமன்றம் 2001-லேயே, இஞ்ச் லால் திவாரி வழக்கில், குளத்து நிலத்தை வீட்டுமனையாக ஒதுக்கியது செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2025 மே 16-ல், கட்டத் தொடங்கிய பிறகு பின்னாலிருந்து சுற்றுச்சூழல் அனுமதி வழங்கும் வழக்கத்துக்கு அதே நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. ஆறு மாதமே ஆயிற்று. நவம்பர் 18-ல் மூவர் அமர்வு, இருவர் ஒரு புறமும் ஒருவர் மறு புறமுமாக, அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. ஏன்? எழுந்துவிட்ட பொதுக் கட்டுமானங்களை இடித்தால் ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய் பாழாகும் என்ற கவலை. அந்தக் கவலை பொய்யன்று. கட்டிய பிறகு நியாயம் பேசினால் நியாயத்தின் விலை ஏறிவிடுகிறது! கல் நடுமுன் எடை போட்டால் ஒரு தாளோடு முடியும். கூரை போட்ட பின் எடை போட்டால் குடும்பங்களைத் தெருவிலே நிறுத்த வேண்டும். எனவே நம்முடைய குரல் கல் நடுகிற நாளன்றே எழ வேண்டும்.

எழுமா? இதைத்தான் இன்று உங்களிடம் கேட்க வந்தேன். கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பந்தலிலே குளிர்பானம் கொடுத்தவரைப் பற்றிச் சொன்னேனே, அவருக்கு மனை வாங்க ஆள் பிடித்துத் தந்தவர் யார்? நூற்றுக்கு ஒரு பங்கோ இரண்டு பங்கோ தரகு பெற்றவர் யார்? வேட்டியின் கரையைப் பார்த்தேன். நம் கரை! சுவரிலே மனை விளம்பரம் எழுதியவன் நம் கூட்டத்துக்குச் சுவரொட்டி ஒட்டியவன். அவனுக்கும் வயிறு இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. கழகம் அவனுக்குச் சம்பளம் தருவதில்லை. அவனை நான் தூற்றவில்லை. தரகு வேலை குற்றமும் அன்று. ஆனால் ஏரி வரத்தை மறைத்த மனைக்கு அவன் தரகு பேசிய மறுநாள், வெள்ளம் வடியவில்லை என்று அவனே கொடி பிடித்து மறியல் செய்தால், ஊர் சிரிக்காதா? நாடகத்திலே ஒரே நடிகர் இரண்டு வேடம் கட்டலாம். இடையிலே உடை மாற்றவாவது திரை வேண்டும்!

ஆகவே கிளைச் செயலாளர்களிடம் நான் கேட்பது இது. உங்கள் பகுதியில் புதிய மனைப்பிரிவோ அடுக்குமாடியோ வருகிறதென்று தெரிந்த அன்றே நகர அமைப்புக் குழுமத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். முழக்கம் வேண்டாம், கேள்விகள் போதும். அந்தச் சர்வே எண்ணுக்குள் வாய்க்கால் ஓடுகிறதா? பழைய புல வரைபடத்தில் அதன் அகலம் என்ன, இன்று என்ன? மண் கொட்டி எத்தனை அடி உயர்த்தப் போகிறார்கள். அதனால் விலகும் நீர் எந்தத் தெருவுக்குப் போகும்? 2024 டிசம்பர் 1 காலையில் அந்த இடத்திலே எவ்வளவு நீர் நின்றது? குடிநீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தா? அப்படியானால் கடல் எவ்வளவு அருகில்? கடலோரத்திலே நன்னீரை உறிஞ்ச உறிஞ்ச உப்புநீர் உள்ளே நகரும் என்பதை நம் கரையோரக் குப்பங்களின் குடங்களே சொல்லும். பக்கத்திலே ஏற்கெனவே அனுமதித்த மனைகளோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தார்களா, தனித்தனியே பார்த்தார்களா? பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பதில் சரியாக இருந்தால், வீடு எழட்டும். முதல் செங்கல்லை நாமே எடுத்துக் கொடுப்போம்.

வெறும் பேச்சோடு கலைய வேண்டாமென்று தோழர்களோடு கலந்து ஒரு முடிவு செய்திருக்கிறோம். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு வேல்ராம்பட்டு ஏரிக்கரையில் கூடுகிறோம். கலங்கலில் தொடங்கி, நீர் போக வேண்டிய வழியே, அது எங்கே மறைகிறதோ அதுவரை நடக்கிறோம். கொடி வேண்டாம். ஆளுக்கொரு அளவு நாடா, ஒரு நோட்டுப் புத்தகம், வரைபடத்தின் நகல். வயதானவர்கள் இருந்தால் கட்டாயம் அழைத்து வாருங்கள். வாய்க்கால் எந்தப் பக்கம் வளைந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மனைத் தரகு பேசும் நம் தோழர்கள் முதல் வரிசையில் வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கல்லை யார் எங்கே நட்டார்கள் என்பது அவர்களைவிட வேறு யாருக்குத் தெரியும்?